மூணுகல் தோட்டத்து லத்தீன்காரர்

தாம் ஒரு லத்தீன்காரர் என்பது சன்னாசிக்கு அறுபத்திரண்டாவது வயதில்தான் தெரியவந்தது. அதுவும் தபாலில் வந்தது.

அன்று அவருக்கு வார ஓய்வு. புந்தோங்கில் அவர் குடியிருந்த அடுக்குமாடியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, மச்சான் பத்துமலை கொண்டுவந்த கச்சாங் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். பத்துமலை அவருடைய மனைவி நல்லம்மாளின் தம்பி. நல்லம்மாள் போய் எட்டு வருடமாகியும் மச்சான்கள் இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை பிரிந்திருக்கத் தெரியவில்லை. பத்துமலைக்குக் கச்சாங், அதாவது கடலை, வறுக்கும் கடையில் வேலை. எழுத்து வாசிப்பு அவனுக்குச் சற்றுக் கூட என்பதால், முந்தின நாள் தபாலில் வந்த கடிதத்தை அவனே படித்தான்.

“‘திரு. சன்னாசி த/பெ பிச்சைமுத்து அவர்களுக்கு. தங்கள் பண்பாட்டு அடையாளம் லத்தீன் எனப் பதிவாகியுள்ளது. வாழ்த்துகள்.’ மச்சான், லத்தீன்னா என்னா?”

“எனக்கு எப்படிலா தெரியும்? முந்தி சர்ச்சுல பாட்டு படிப்பாங்களே, அதுவா?”

“நீ எப்பலா சர்ச்சுக்குப் போன?”

“போகல. அதான் உன்னக் கேக்குறேன்.”

கடிதத்தின் அடியில் நீல மையில் பெரிய சாப்பு குத்தியிருந்தது. ‘பண்பாட்டு அடையாள உறுதிப்பாட்டு மன்றம், ஈப்போ.’ சன்னாசி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கேட்டது வேறு.

ஹுத்தான் மெலிந்தாங் போகும் வழியில் மூணுகல் தோட்டம் என்று ஒன்று இருந்தது. சன்னாசி அங்கே பிறந்து, அங்கே பால் மரம் சீவி, அங்கேதான் அடுத்த நிரையில் சீவிய நல்லம்மாளின் கத்தியைத் தினமும் தீட்டிக் கொடுத்துக் கொடுத்தே அவளைக் கட்டிக்கொண்டார். பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். ஆட்களும் வேலையிலிருந்து வெட்டுப்பட்டார்கள். சன்னாசி ஈப்போவுக்கு வந்து ஒரு கடைவளாகத்தில் காவலாளி ஆனார். குடியிருந்த லயங்கள் இடிந்தன. மிஞ்சியது இடுகாடு ஒன்றுதான். நல்லம்மாள் சாகும்போது, “எங்கப்பன் ஆத்தா பக்கத்துலயே என்னப் போடுங்க. எடது பக்கம் எடம் விட்டுப் போடுங்க, நீங்க வரணும்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்படியே போட்டார். இடமும் விட்டார்.

இப்போது செம்பனையையும் அழித்து வீடு கட்டப் போகிறார்களாம். இடுகாட்டைச் சுற்றிச் சிவப்புக் குச்சி நட்டாகிவிட்டது. மாதக் கடைசிக்குள் அந்த இடம் ஏதாவது ஒரு சமூகத்தின் பாரம்பரிய இடமாகப் பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் மண்தள்ளும் இயந்திரம் வரும். பதிவு செய்யும் அதிகாரம் மேற்படி மன்றத்துக்கு. சன்னாசி போராங் என்ற படிவத்தை நிரப்பினார். ‘பண்பாடு’ என்ற கட்டத்தில், தனக்குத் தெரிந்த ஒரே பண்பாட்டை, தோட்டம் என்பதற்கான மலாய்ச் சொல்லால் எழுதினார்: லாடாங்.

மறுநாள் அவர் மன்றத்தின் முகப்பில் கடிதத்தோடு நின்றபோது, அங்கே இருந்த சரளா என்ற பெண் கணினியைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு அன்பாகப் பேசினாள்.

“அங்கிள், சிஸ்டத்துல லாடாங் இல்ல. எல்லு, ஏ அடிச்சா ஒரு லிஸ்ட் வரும். கிட்டக்க வந்தது லத்தீன்தான். மொத ரெண்டு எழுத்து சரியாத்தானே இருக்கு?”

“மிச்சம்?”

“மிச்சத்துக்குத் திருத்தப் போராங் இருக்கு அங்கிள். ஆனா அதுக்கு நீங்க மொதல்ல லத்தீன்னு உறுதியாகணும்.”

“நான் லத்தீன் இல்லன்னு சொல்லத்தாம்மா வந்தேன்.”

“அதான். லத்தீனா இருக்கறவங்கதானே லத்தீன் இல்லன்னு மாத்திக்க முடியும்? இல்லாதவங்க எத அங்கிள் மாத்துவாங்க?”

சன்னாசி யோசித்துப் பார்த்தார். காவலாளி வேலையில் இருபது வருடமாகப் பலவகையான விதிகளைப் பார்த்தவர். இதில் தப்பு இருக்கிறது என்று தெரிந்தது. எந்த இடத்தில் என்றுதான் தெரியவில்லை. திருத்தப் போராங்கில் கையெழுத்துப் போட்டுச் சரளாவிடமே கொடுத்தார். உறுதியானதும் அதை உள்ளே அனுப்புவதாக அவள் சொன்னாள்.

லத்தீன் என்றால் யார் என்பதில் மன்றத்துக்குள் பெரிய கருத்து வேறுபாடு இருந்தது. ரோமாபுரியின் மொழியிலிருந்து பிறந்த மொழி பேசுபவரே லத்தீன் என்றது மொழிக் குழு. அது பிறப்பில் வருவது என்றது இரத்தக் குழு. இரண்டும் பழைய வாதம், ஆடத் தெரிந்தால் போதும் என்றது இடுப்புக் குழு. மூன்று குழுக்களும் மூன்று வருடமாக ஒன்றோடொன்று பேசுவதில்லை. ஆகையால் சன்னாசி மூன்று கதவையும் தட்ட வேண்டியிருந்தது.

மொழிக் குழுவில் மதீசன் என்ற ஆய்வாளர் இருந்தார். முப்பது வயதிருக்கும். வெளிநாட்டில் போய் லத்தீன் படித்துவிட்டு வந்து, பேச ஆள் கிடைக்காமல் வாடியவர். சன்னாசியைக் கண்டதும் எழுந்து நின்று கைகொடுத்தார்.

“ஐயா, ரோமாபுரிக்குப் பக்கத்தில் லாத்தியம் என்று ஒரு சமவெளி. அங்கே ஆடுமாடு மேய்த்தவர்கள் பேசிய பேச்சுத்தான் லத்தீன். அது உடைந்து இத்தாலியம், ஸ்பானியம், போர்த்துகீசியம் என்று ஆயிற்று. பிறகு கப்பலேறிக் கடல் தாண்டிப் போயிற்று. போன இடத்திலெல்லாம் கலந்தது. கலந்தாலும் நாம் ஒரு தாய் மக்கள் என்ற நினைப்பு போகவில்லை. அதுதான் லத்தீன் அடையாளம்.”

“ஆடு மேய்ச்சவங்க கப்பல்ல ஏறிப் போனாங்களா?” என்றார் சன்னாசி. “எங்க தாத்தாவும் அப்படித்தாங்க வந்தாரு.”

மதீசன் எதையோ குறித்துக்கொண்டார். “வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்?”

“தமிழுதாங்க.”

“அது நீங்கள் நினைப்பது. வீட்டை எதனால் பூட்டுவீர்கள்?”

“சாவியால.”

“போர்த்துகீசியம்! சோறு எதில் வைத்துச் சாப்பிடுவீர்கள்?”

“தட்டுலங்க.”

“தட்டை எதன்மேல் வைப்பீர்கள்?”

“மேசை மேல.”

“போர்த்துகீசியம்! காற்று எப்படி உள்ளே வரும்?”

“நாங்க இருக்கறது பதினோராவது மாடிங்க. அதுவா வரும்.”

“எதன் வழியாக?”

“ஜன்னலு.”

மதீசன் மேசையைத் தட்டினார். அதுவும் போர்த்துகீசியம்தான். அலமாரி வந்தது. பால் ஊற்றி வைக்கும் பீப்பாய் வந்தது. கடைசியாக, “தோட்டத்தில் உங்களை வேலை வாங்கியவரை எப்படிக் கூப்பிடுவீர்கள்?” என்று கேட்டார்.

“மண்டோருன்னு கூப்பிடுவோம். அவரு அந்தப் பக்கம் போனப்புறம் வேற மாதிரி.”

“மண்டோர்!” மதீசனின் கண் கலங்கியது. “அதன் வேர் சுத்த லத்தீன் ஐயா. கட்டளையிடுபவன். இத்தனை காலம் நீங்கள் லத்தீனில்தான் ஏச்சு வாங்கியிருக்கிறீர்கள்.”

மொழிக் குழுவில் சன்னாசி முதல் வகுப்பில் தேறினார்.

இரத்தக் குழுவில் இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் நல்ல குடும்பம் என்பது அவர்கள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. முதலாமவர், “ரோமாபுரியைக் கட்டிய இரட்டைப் பிள்ளைகள் ஓநாய்ப் பால் குடித்து வளர்ந்தவர்கள். நீங்கள் என்ன பால் குடித்து வளர்ந்தீர்கள்?” என்று கேட்டார்.

“டின் பாலுங்க. எங்கம்மா விடியக்காலம் பேர் கூப்புடுற பெரட்டுக்குப் போயிருவாங்க. ஆயாக்கொட்டகையில ஆயா கரைச்சுக் குடுக்கும்.”

“அந்த ஆயா எப்படிப்பட்டவர்?”

“கடிக்கும்ங்க.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாமவர் தொடர்ந்தார். “ரப்பர் விதை பிரேசிலிலிருந்து வந்தது. பிரேசில் லத்தீன் நாடு. அந்த மரத்தின் பாலுக்கு லேட்டக்ஸ் என்று பெயர். அதுவும் லத்தீன் சொல். எத்தனை வருடம் உங்கள் கையில் அந்தப் பால் பட்டது?”

“இருபத்தாறு வருசம்.”

“கழுவினால் போகுமா?”

“லேசுல போகாதுங்க.”

“ஊறியிருக்கும்” என்று எழுதினார்கள்.

இடுப்புக் குழுவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அங்கே ஜெயபாலன் என்பவர் இறுக்கமான சட்டை போட்டுக்கொண்டு பாட்டுப் போட்டார். ஆடச் சொன்னார். சன்னாசிக்கு முட்டி வலி. தெரிந்த அசைவு ஒன்றுதான். பால் மரம் சீவும்போது முட்டியை மடக்கி, இடுப்பைச் சாய்த்து, மரத்தைச் சுற்றி அரைவட்டமாக நகர வேண்டும். பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லாமல் இல்லாத மரத்தை நாலு சுற்றுச் சுற்றிச் சீவினார். ஜெயபாலன் பாட்டை நிறுத்திவிட்டு, இத்தனை வருடம் தான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வீண் என்று முகத்தை மூடிக்கொண்டார்.

இவ்வளவுக்கும் இரண்டு வாரம் ஆயிற்று. மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. “கார்டு குடுத்துட்டா உடனே மாத்திடலாம் அங்கிள்” என்றாள் சரளா. கார்டு சும்மா கொடுக்க மாட்டார்களாம். லத்தீன் பண்பாட்டு நாளில், மேடையில், தலைவர் கையால்தான் கொடுப்பார்களாம்.

மண்டபத்துக்குப் பத்துமலையும் வந்தான். வாசலில் எல்லாருக்கும் அகலமான ஓலைத் தொப்பி கொடுத்தார்கள். பாகான் டத்தோவில் தென்னோலையில் முடையச் சொல்லி வாங்கியவை. முன்வரிசையில் பிரமுகர்கள், பின்வரிசையில் பிரமுகர்களின் ஓட்டுநர்கள். லத்தீன் மக்களுக்கு என்று நடுவில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். சன்னாசி அதில் ஒன்றில் உட்கார்ந்தார். மற்ற முப்பத்தொன்பதும் காலியாக இருந்தன. பத்துமலை உட்காரப் போனபோது தொண்டர் ஒருவர் வந்து அவனை எழுப்பி ஓட்டுநர்களோடு உட்கார வைத்தார்.

தலைவர் இளையதம்பி எழுந்தார். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பரம்பரையாகவே கோப்புகளைப் பார்த்து வளர்ந்த குடும்பம். அவருடைய பாட்டனார் மூணுகல் போன்ற தோட்டங்களில் பெரிய கிராணியாக இருந்து, சன்னாசியின் பாட்டனார் போன்றவர்களுக்குக் கணக்குப் புத்தகத்தில் பெயர் போட்டவர்.

“அன்பர்களே! இந்த மன்றம் ஆரம்பித்த வருடமே லத்தீன் பிரிவுக்கு ஒதுக்கீடு வந்துவிட்டது. ஆனால் லத்தீன் மக்கள் வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் பிரிவை மூடியிருப்பார்கள். நாங்கள் மூடவில்லை. மக்களே இல்லாமல் மூன்று வருடம் மிகச் சிறப்பாக நடத்தினோம். ஒரு புகார்கூட வந்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்!”

முன்வரிசை கைதட்டியது.

“லத்தீன் இனத்தின் பொது வேர் எது என்று கண்டறிய நான் மூன்று முறை ரோமாபுரி போனேன். முதல் முறை மனைவியோடு. இரண்டாம் முறை மனைவியின் சகோதரியும் வந்தார். மூன்றாம் முறை போனபோதுதான் வேர் அங்கே இருப்பது உறுதியாயிற்று. பிரேசிலின் ரியோவில் கிளை இருப்பதாகத் தெரிகிறது. அதையும் போய்ப் பார்ப்போம். அடையாளம் என்பது என்ன? நாம் யார் என்று நமக்கே தெரியாதபோது, தெரிந்த நாலு பேர் கூடி நமக்குச் சொல்வது. இதோ, இந்த எளிய மனிதருக்குத் தான் யார் என்று தெரியாது. அறுபத்திரண்டு வருடம் தெரியாமலே உழைத்திருக்கிறார். இன்று நாம் சொல்கிறோம்!”

சன்னாசியை மேடைக்கு ஏற்றிக் கழுத்தில் கார்டை மாட்டினார். மாட்டும்போது காதருகே குனிந்து, “நீர் தோட்டத்து ஆளோ?” என்று கேட்டார்.

“ஆமாங்க.”

“ஓம். தெரியுது” என்றார். கைகொடுத்த கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

பின்வரிசையிலிருந்து பத்துமலை, “லத்தீன் மச்சான் வாழ்க!” என்று கத்தினான். ஓட்டுநர்கள் மட்டும் சிரித்தார்கள்.

கார்டு கிடைத்த மறுநாளே சரளா திருத்தப் போராங்கை உள்ளே அனுப்பிவிட்டாள். நேர்மையான பெண். அதனால் வந்த வினையை என்னவென்று சொல்வது? மாதக் கடைசிக்கு முதல் நாள் சன்னாசியைக் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார்கள். பத்துமலையும் கூடவே போனான். நீண்ட மேசையின் தலைமாட்டில் இளையதம்பி, பக்கத்தில் மதீசன், ஓரத்தில் போராங்கோடு சரளா.

“மிஸ்டர் சன்னாசி, நீங்கள் லத்தீன் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்” என்றார் இளையதம்பி. முகம் வெளுத்திருந்தது. ரியோ கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. “லாடாங் என்று மாற்றச் சொல்கிறீர்கள்.”

“ஆமாங்க. அதாங்க உண்மை.”

“உண்மை முக்கியம்தான். ஆனால் அதற்கு ஒரு பிரிவு வேண்டும் அல்லவா? அது இன்னும் ஆரம்பிக்கவில்லை.”

மதீசன் தொண்டையைக் கனைத்தார். “ஐயா, லாடாங் என்பது எங்கள் பட்டியலில் பண்பாடு இல்லை. அது நில வகை. நீங்கள் லாடாங் என்று ஆனால் உங்கள் கோப்பு பயிர் நிலப் பகுதிக்குப் போகும். அங்கே இடுகாடு என்றால் விளைச்சல் இல்லாத நிலம் என்று எழுதுவார்கள். திங்கட்கிழமை இயந்திரம் வரும்.”

“லத்தீனா இருந்தா?”

“லத்தீன் பாரம்பரிய இடம். கைவைக்க முடியாது.”

சன்னாசி மச்சானைப் பார்த்தார். பத்துமலை சட்டைப் பையிலிருந்த கடலையை மறந்துபோய்க் கையில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தான்.

“மச்சான்” என்றான் மெதுவாக. “எங்கப்பன், ஆத்தா, அக்கா, மூணு பேரும் அங்கதான்லா இருக்காங்க.”

“நூறு வருசமா அங்க பொதைச்சிருக்கோம்ங்க” என்றார் சன்னாசி. “காடு அழிச்சதுல இருந்து. அதெல்லாம் பண்பாட்டுல வராதாங்க?”

மதீசன் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை நேர்மையாகப் பார்த்தார். “வரவில்லை ஐயா” என்றார்.

சன்னாசி எழுந்து நின்றார். பெரட்டுக்கு நிற்பதைப் போல் கையைப் பக்கவாட்டில் ஒட்ட வைத்துக்கொண்டார்.

“நான் லத்தீன்ங்க. எங்கூட்டுல மேசை இருக்கு, அலமாரி இருக்கு. ஜன்னல் ரெண்டு இருக்கு, ஒண்ணு மூடாது. எங்க தாத்தா ஆடு மேய்ச்சாரு, கப்பல்ல வந்தாரு. என்னை வளத்த ஆயா கடிச்சிச்சு. மண்டோரு என்னை லத்தீன்லயே ஏசுனாரு. என் பொண்டாட்டி நல்லம்மா செத்த அன்னிக்குக் குளிப்பாட்டும்போதுகூட அவ நகக்கண்ணுல கித்தா மரத்துப் பால் கறை இருந்துச்சுங்க. அது போகவேயில்ல. அவளும் லத்தீன்தான். எழுதிக்குங்க.”

சரளா போராங்கை இரண்டாகக் கிழித்தாள். கிழித்த துண்டுகளை மடித்து மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

இளையதம்பி மட்டும் மலர்ந்தார். “அடையாளம் என்பது வேருக்குத் திரும்புவது என்று நான் எப்போதும் சொல்லி வருகிறேன்” என்றார். சற்று நேரத்துக்கு முன் அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

இயந்திரம் வரவில்லை. மூன்று மாதம் கழித்து மன்றத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது: ‘லத்தீன் பாரம்பரிய இடுகாடு திறக்கப்பட்டுவிட்டது. உறுப்பினர்கள் வரலாம்.’ உறுப்பினர் ஒருவர்தான். அவரும் மச்சானும் சூடம், வெற்றிலை, நல்லம்மாளுக்குப் பிடித்த காரக் கச்சாங் எல்லாம் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனார்கள்.

முள்வேலி போட்டு இரும்புக் கதவு வைத்திருந்தார்கள். கதவுக்குமேல் கறுப்புப் பலகையில் தங்க எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. லத்தீன். படிக்கத் தெரிந்தவர் பேராக் மாநிலத்திலேயே மதீசன் ஒருவர்தான், அவர் அன்று வரவில்லை. உள்ளே போக இருந்தவர்களை ஒரு நேப்பாளக் காவலாளி மறித்தார்.

“கார்டு?”

சன்னாசி காட்டினார். காவலாளி சலாம் வைத்தார். பிறகு பத்துமலையைப் பார்த்தார். “இவர்?”

“நான் கூடப்பொறந்தவன்லா! உள்ள இருக்கறது எங்கக்கா! எங்கப்பன், எங்காத்தா!”

“லத்தீன் கார்டு?”

“இல்லலா.”

காவலாளி பாவம், விதியை எழுதியவர் அவரில்லை. பதிவேட்டைப் புரட்டி, லத்தீன் அல்லாதவர் உள்ளே போக ஒரே ஒரு வழி இருப்பதைக் காட்டினார். பத்துமலை அதில் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டான். எந்தக் கட்டத்தில் என்று சன்னாசி எட்டிப் பார்த்தார். ‘வெளிநாட்டு விருந்தினர்.’

“பரவால்ல மச்சான்” என்றான் பத்துமலை. “விருந்தாளிக்குக் காப்பித் தண்ணி குடுப்பாங்களான்னு கேளு.”

புல் வெட்டியிருந்தார்கள். நடைபாதையில் சிமெண்டு பூசியிருந்தார்கள். நல்லம்மாளின் சமாதி அப்படியே இருந்தது. அதன் இடது பக்கத்தில், அவள் விடச் சொன்ன இடத்தில், கல் பீடம் கட்டி ஒரு சிலை வைத்திருந்தார்கள். நாலு கால், தொங்கும் மடி, அடியில் வாயைத் திறந்தபடி இரண்டு பிள்ளைகள்.

பத்துமலை அதைச் சுற்றி வந்தான். “என்னா மச்சான் இது, நாயா?”

“ஓநாய்டா. நம்ம ஆத்தாவாம்.”

பத்துமலைக்குச் சிரிப்பு வந்தது. மச்சான் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவன் சூடத்தை ஏற்றும் சாக்கில் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

சன்னாசி பீடத்துக்கும் சமாதிக்கும் நடுவில் பாதத்தை ஒட்ட ஒட்ட வைத்து அளந்தார். ஒன்றரை அடி இருந்தது. மறுபடியும் அளந்தார். அதேதான். லயத்து வீட்டுப் பலகைக் கட்டில் நினைவுக்கு வந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடம் இரண்டு பேரும் அதில்தான் படுத்தார்கள். ஒருவர் திரும்பினால் மற்றவரும் திரும்ப வேண்டும்.

கச்சாங் பொட்டலத்தைப் பிரித்துச் சமாதிமேல் வைத்தார். ஓநாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

“எடம் கொஞ்சம் நெருக்கம்தான் நல்லம்மா” என்றார். “பரவால்ல. நான் ஒருக்களிச்சுப் படுத்துக்கிறேன்.”